ஊதியம் உயர்ந்த பின்னும் ஊழியர்களுக்கு ஈடுபாடு வராதது ஏன்?
ஊதியத்தை உயர்த்திய பிறகும் ஊழியர்கள் ஈடுபாடின்றி இருப்பது ஏன் என்ற கேள்விக்கு, 1959இல் அமெரிக்க உளவியலாளர் பிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் முன்வைத்த இருகாரணிக் கோட்பாடு நேரடியான விடை தருகிறது. ஊதியம், பணிச்சூழல், மேற்பார்வை ஆகியவற்றில் குறை இருந்தால் அதிருப்தி எழும். ஆனால் அவை நிறைவாக இருப்பதாலேயே ஊக்கம் பிறந்துவிடாது என்றும், சாதனை, அங்கீகாரம், பொறுப்பு, வேலையின் தன்மை ஆகியவையே அதைத் தருகின்றன என்றும் அவர் வாதிட்டார். பொறியாளர்களையும் கணக்காளர்களையும் நேர்கண்டு, அவர்கள் தம்மைப் பற்றிச் சொன்னதை வைத்து எட்டிய முடிவு என்பதால் (வெற்றிக்குத் தம்மையும் தோல்விக்குச் சூழலையும் காரணம் காட்டுவது மனித இயல்புதானே) அதை எல்லாத் தொழில்களுக்கும் அப்படியே பொருத்துவதில் எனக்குத் தயக்கம் உண்டு. உளவியலாளர்கள் டெசி, ரையன் ஆகியோரின் சுயநிர்ணயக் கோட்பாடு தன்னாட்சி (தன் விருப்பப்படி செயல்படுதல்), திறமையுணர்வு, பிறருடனான பிணைப்பு ஆகிய மூன்று உளத்தேவைகளை முன்னிறுத்துவதால் கூடுதல் வலுவுடையதாகத் தோன்றுகிறது. முடிவெடுக்கும் உரிமையைப் பறித்துக்கொண்டு வெகுமதியை மட்டும் கூட்டும் நிர்வாகம், வேலையின் மீது ஏற்கெனவே இருந்த ஆர்வத்தையும் குறைத்துவிடக்கூடும் என்பதை அது விளக்குகிறது.