ஒரே கட்சி ஐம்பது ஆண்டுகள் ஜெயித்துக்கொண்டே இருந்தால், தேர்தல் நடப்பதை மட்டும் வைத்து அதை ஜனநாயகம் என்று சொல்லலாமா?

ஆமாம், இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்ல எனக்கு வரவில்லை. 'ஆட்சி மாறியதா?' என்பதைத்தான் நானும் ரொம்ப நாள் அளவுகோலாக வைத்திருந்தேன். மெக்சிகோவின் கதையைப் படித்த பிறகு அதை விட்டுவிட்டேன். இப்போது நான் முதலில் தேடுவது வேறு: அந்தக் கட்சி எங்காவது ஒரு மாநிலத்தில், ஒரு நகரத்தில் தோற்றிருக்கிறதா? தோற்ற இடத்தில் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியே வந்ததா?

மெக்சிகோவில் பிஆர்ஐ கட்சி 1929 முதல் 2000 வரை ஆண்டது. இடையில் இரண்டு முறை பெயர் மாறியது, ஆட்சி மாறவில்லை. ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதிபர் தேர்தல் தவறாமல் நடக்கும். ஒருவர் இரண்டாம் முறை அதிபராக முடியாது என்பதிலும் கறாராக இருந்தார்கள். ஆனால் அடுத்து யார் என்பதைப் பதவியில் இருப்பவரே விரல் நீட்டிக் காட்டுவார். அதற்கு 'தெதாசோ' என்று பெயரே உண்டு, விரலைக் குறிக்கும் ஸ்பானிய மொழிச் சொல்லிலிருந்து வந்தது. விரல் நீண்ட அன்றே தேர்தல் முடிந்தது. வாக்குப்பதிவு அதற்குப் பிறகு நடக்கும் சடங்கு.

1988இல் அந்தச் சடங்கு தடுமாறியது. கட்சியிலிருந்து பிரிந்துபோன குவாத்தெமோக் கார்தெனாஸ் எதிர்த்து நின்றார். எண்ணிக்கை நடந்த இரவில் கணினி அமைப்பு படுத்துவிட்டது என்றார்கள். கடைசியில் ஆளும் கட்சியின் கார்லோஸ் சலினாஸ் ஐம்பது சதவீதத்தைச் சற்றே தாண்டி ஜெயித்ததாக அறிவிப்பு வந்தது. வாக்குச்சீட்டுகளைப் பிற்பாடு எரித்தும்விட்டார்கள்.

இதற்கு அப்புறம் வந்த பன்னிரண்டு ஆண்டுகள்தான் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. 1989இல் பாஹா கலிபோர்னியா மாநிலத்தின் ஆளுநர் பதவியை (அங்கே ஆளுநரை மக்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்) பிஆர்ஐ முதன்முறையாக எதிர்க்கட்சியிடம் இழந்தது, இழந்ததை ஒப்புக்கொண்டது. 1990இல் தேர்தலுக்கென்று ஒரு தனி நிறுவனம் வந்தது. வேடிக்கை என்னவென்றால் அதற்கும் உள்துறை அமைச்சரே தலைவர்! 1996 சீர்திருத்தத்தில்தான் அவர் வெளியே போனார். மறு ஆண்டே பிஆர்ஐக்கு நாடாளுமன்றக் கீழவையில் பெரும்பான்மை போனது. தலைநகரை ஆளும் பதவி அதே கார்தெனாஸின் கைக்குப் போனது. 2000 ஜூலை 2 இரவு எதிர்க்கட்சி வேட்பாளர் விசென்டே ஃபாக்ஸ் ஜெயித்தபோது, பிஆர்ஐ அதிபர் எர்னஸ்தோ செதில்லோ தொலைக்காட்சியில் வந்து அதை ஒப்புக்கொண்டார். அதற்குள் தோற்பது அந்தக் கட்சிக்குப் பழகிப்போயிருந்தது என்றே நினைக்கிறேன். 2012இல் அதே கட்சி திரும்பவும் ஆட்சிக்கு வந்தது. தைவானிலும் கிட்டத்தட்ட இதே வரிசைதான்: அங்கே நெடுங்காலம் ஆண்ட கோமின்டாங் கட்சி 1994இல் தைபே மேயர் பதவியை இழந்தது, 2000இல் அதிபர் பதவியை இழந்தது, 2008இல் திரும்பி வந்தது.

சரி, எண்ணிக்கை நேர்மையாக இருந்தால் போதுமா? மலேசியாவைப் பாருங்கள். 2013இல் ஆளும் பாரிசான் நேஷனல் கூட்டணிக்குக் கிடைத்தது சுமார் 47% வாக்கு, 222இல் 133 இடம். எதிரணிக்குச் சுமார் 51% வாக்கு, 89 இடம். காரணம் தொகுதிகளின் அளவு. காப்பார் தொகுதியில் சுமார் 1,44,000 வாக்காளர்கள், புத்ராஜெயாவில் 16,000க்கும் குறைவு. இரண்டுக்கும் ஆளுக்கு ஒரு உறுப்பினர். வாக்குப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதெல்லாம் பழைய பாணி. தொகுதி எல்லைகளை வரையும் வரைபடம் கையில் இருந்தால் அந்த உழைப்பு தேவையில்லை. ஆனால் 2008இலேயே ஐந்து மாநிலங்கள் எதிரணியின் கையில் இருந்தன. அவற்றில் சில மாநிலங்களில் வேறு கட்சி ஆண்டும் வானம் இடிந்து விழவில்லை என்பதை மக்கள் பத்து ஆண்டுகள் பார்த்தார்கள். 2018 மே 9இல் 61 ஆண்டு ஆட்சி முடிந்தது.

சிங்கப்பூரில் என் அளவுகோல் கொஞ்சம் திணறுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மக்கள் செயல் கட்சி 1959 முதல் ஆள்கிறது. 2025இல் சுமார் 65.6% வாக்குக்கு 97இல் 87 இடம். 2011இல் அல்ஜூனிட் குழுத்தொகுதியை (பல உறுப்பினர்களை ஒரே அணியாகத் தேர்ந்தெடுக்கும் தொகுதி) இழந்தபோது விட்டுக்கொடுத்தது. ஆனால் அங்கே மாநிலங்களே இல்லை. எதிர்க்கட்சி தன் ஆட்சித் திறமையைக் காட்ட நகர மன்றங்களைத் தவிர வேறு மேடை கிடையாது.

எதிர்க்கட்சிகளின் பங்கையும் மறக்கக் கூடாது. ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானாவில் பிடிபி கட்சி 1966 முதல் ஆண்டது. 2014இல் அதற்கு 47%க்கும் குறைவான வாக்கு, ஆனால் 57இல் 37 இடம். எதிர் வாக்குகள் இரண்டு அணிகளாகப் பிரிந்து கிடந்தன, அவ்வளவுதான். இதில் கள்ள ஓட்டு, கணினிக் கோளாறு எதுவும் தேவைப்படவில்லை. 2024இல் அதே தேர்தல் முறை திருப்பி அடித்தது: சுமார் 30% வாக்கு வாங்கிய பிடிபிக்கு 61இல் நான்கே இடம். அதிபர் மசிசி முழு முடிவுகள் வரும் முன்பே தோல்வியை ஒப்புக்கொண்டார்.