அண்ணாச்சி பதில்கள்: சிங்குக்கு வெட்டுன கல்லு

கேள்வி: அண்ணாச்சி, புதுசா அடுப்படி மேடை போட்டோம். சிங்குக்கு வெட்டி எடுத்த கருப்பு கிரானைட் துண்டும், பழைய அலமாரியில கழட்டுன கருப்புக் கல்லு ரெண்டு மூணும் கொல்லையில கிடக்கு. கொலுவுல அம்பாசமுத்திரம் சொப்பு சாமான் வைக்க அதுல ஏதாச்சும் பண்ணலாமா? வீட்டுக்காரர் தூக்கிப் போடுங்காரு. (கல்லிடைக்குறிச்சி வாசகி)

பதில்: போடாதீங்க தாயி. மேடைக்கு சதுர அடி கணக்கு போடும்போது பெரும்பாலும் அந்த ஓட்டையையும் சேத்துதான் போடுவாங்க, அப்போ அது உங்க காசுல்லா. முதல்ல எந்தக் கல்லுன்னு பாருங்க, அலமாரிக் கல்லு கருப்பா இருக்குன்னா அது கடப்பாவா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஓரத்துல ரெண்டு சொட்டு எலுமிச்சம்பழச் சாறு விட்டு கொஞ்ச நேரம் கழிச்சு தொடைங்க, வெளுத்துப் போயி மங்கல் விழுந்தா கடப்பா, ஏன்னா அது சுண்ணாம்புக் கல்லு. கிரானைட்டு அசையாது.

என்னைக் கேட்டா கைவேலைக்கு கடப்பாதான். மெதுவான கல்லு, வாட்டர் பேப்பரை (தண்ணி தொட்டுத் தேய்க்கிற உப்புத்தாள்) நனைச்சு 120, 220, 400னு சொரசொரப்பு கொறையுற நம்பர் வரிசையில தேச்சா ஓரம் வீட்லயே வழுவழுன்னு வந்துரும். கிரானைட்டை கையால தேச்சு பளபளப்பு கொண்டு வாரதுக்குள்ள அடுத்த நவராத்திரியே வந்துரும், அதைக் கடைக்காரங்ககிட்ட குடுத்து தண்ணி ஊத்தி வெட்டச் சொல்லுங்க. மெஷினை இரவல் வாங்கி முத்தத்துல வச்சு காய்ஞ்சபடிக்கே வெட்டிராதீங்க, அந்தத் தூசியில சிலிக்கா இருக்கு, நெஞ்சுக்குள்ள போனா திரும்பி வராது.

எடையும் பாத்துக்கிடுங்க. 18 மி.மீ. கிரானைட்டு ஒரு சதுர அடி நாலரை கிலோ, சிங்குத் துண்டு ரெண்டரை சதுர அடி இருந்தா 11 கிலோ ஆச்சு, பலகைப்படி நடுவுல வச்சா வளைஞ்சிரும். அதனால கொலுவுக்குப் பக்கத்துல தரையில பார்க்கு போடுவோம்லா, அங்கன வைங்க. கல்லுக்கடைப் பின்னாடி ரெண்டு இஞ்சு மூணு இஞ்சுல கீத்து கீத்தா கிடக்கும், கேட்டா சும்மாவே தருவாங்க. அதை ஒண்ணு மேல ஒண்ணு கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி ஒட்டுனா தாமிரவருணி படித்துறை ரெடி, கீழ துவைக்கிற கல்லுக்கு ஒரு சின்னத் துண்டு, ஆத்துக்கு நீலத்துணி. ஒட்ட அரால்டைட்டு போதும், ஆனா பாலீஷ் பக்கத்துல அது பிடிக்காது, ஒட்டுற எடத்தை மட்டும் வாட்டர் பேப்பரால சொரசொரப்பாக்கி, தொடைச்சு காயவச்சு ஒட்டிட்டு ஒரு நாளு தொடாதீங்க.

கேள்வி: கடையில வெள்ளை குவார்ட்ஸ் துண்டு சும்மா தந்தாங்க, அதையும் வெட்டலாமா? (பேட்டை வாசகர்)

பதில்: அப்படியே முழுசா வச்சு உபயோகிங்க, வெட்டாதீங்க. அது குவார்ட்ஸ் பொடியில ரெசின்ங்கிற பிசின் கலந்து செஞ்ச கல்லு, வெட்டுனா கிரானைட்டை விட சிலிக்காத் தூசி கூடுதல். வெட்டுத தொழிலாளிங்களுக்கு அந்தத் தூசியால சிலிகோசிஸ்ங்கிற நுரையீரல் நோய் வந்து ஆஸ்திரேலியாவுல 2024 ஜூலை 1லேருந்து அந்தக் கல்லையே தடை பண்ணிட்டாங்க. பானை, செடித்தொட்டிக்கு அடியில வைங்க, நல்லா இருக்கும்.

கேள்வி: கிரானைட்டுல சுவர்க் கடிகாரம் செஞ்சேன், நடுவுல ஓட்டை போட்டாச்சு, முள்ளு மாட்ட முடியல. (வள்ளியூர் மாணவர்)

பதில்: எல்லாரும் மாட்டுத எடம் இதுதான் தம்பி, நானும் ஒரு கல்லைப் பாழாக்கினவன்தான். கடையில கிடைக்கிற சாதா கடிகார மெஷினோட தண்டு மெல்லிசான அட்டை பலகைக்குன்னு செஞ்சது, 18 மி.மீ. கல்லைத் தாண்டி வெளிய வராது. நீளத் தண்டு மெஷின் கேட்டு வாங்கு, இல்லன்னா கல்லுக்கடையில பின்பக்கம் மெஷின் உக்காருத அளவுக்கு குடைஞ்சு தரச் சொல்லு. ஒரு அடி வட்டமே மூணரை கிலோ வரும், சுவத்துல மாட்டாத, மேசையில சாய்ச்சு வையி, அடியில ரெண்டு ரப்பர் புஷ்ஷு ஒட்டிரு, இல்லன்னா மேசையில கீறல் விழுந்து உங்கம்மா என்னைத்தான் ஏசுவாங்க.