இருபது செட்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதக் குறிப்பு ஒன்றில், 2021ல் அமெரிக்க ஓப்பனை வென்ற பிரிட்டிஷ் டென்னிஸ் வீராங்கனை எம்மா ராடுகானுவைப் பற்றிப் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: “2021ல் மூன்று வாரம் அதிர்ஷ்டம் கூடவே நின்றது, அப்புறம் விளம்பரங்கள்தான்.” எனக்கு அது சரியாகப் படவில்லை. பத்து ஆட்டம் தொடர்ந்து ஜெயிப்பது அதிர்ஷ்டமா?

கேட்பதற்குச் சொந்தக் காரணமும் இருக்கிறது. என் மகளுக்கு 15 வயது. எட்டு வயதிலிருந்து டென்னிஸ் ஆடுகிறாள், மாநில அளவில் ஓரளவு பெயர். அடுத்த ஆண்டு பதினொன்றாம் வகுப்பு. பள்ளியை நிறுத்தித் திறந்தநிலைப் பள்ளியில் பெயரைப் பதிந்துவிடுங்கள், நாள் முழுக்க கோர்ட்டில் இருக்கட்டும் என்கிறார் கோச். “ராடுகானு 18 வயதில் ஜெயித்தாள், நமக்கு மூன்று வருஷம்தான் இருக்கிறது” என்பது அவர் கணக்கு. என் மனைவியும் அதே ராடுகானுவைத்தான் காட்டுகிறாள்: “அந்தப் பெண் பரீட்சை எழுதிவிட்டுத்தானே போனாள்?” இரண்டு பேருக்கும் நடுவில் நான். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

மகள் விஷயம் என்பதால் பெயர் வேண்டாம்.

ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்த வரி. திரும்பப் படித்துப் பார்த்தேன். தப்புதான், எடுத்துக்கொள்கிறேன். எழுதும்போது கொஞ்சம் கெட்டிக்காரத்தனமாகத் தெரிந்தது. அப்படித் தெரிகிற வரியைத்தான் முதலில் அடித்திருக்க வேண்டும்.

அந்த மூன்று வாரத்தை ஒழுங்காகச் சொல்கிறேன். அமெரிக்க ஓப்பன் பெண்கள் பிரிவில் 128 பேர் ஆடுகிறார்கள். அதில் 16 இடம் தகுதிச்சுற்றிலிருந்து வருபவர்களுக்கு. பிரதான போட்டி தொடங்குவதற்கு முந்தைய வாரம், ஒதுக்குப்புறக் கோர்ட்டுகளில், தரவரிசையில் நூறுக்குக் கீழே இருக்கிற ஒரு கூட்டம் அந்த 16 இடத்துக்காக மோதும். மூன்று ஆட்டம் ஜெயித்தால் உள்ளே போகலாம். 2021 ஆகஸ்டில் ராடுகானு 150வது இடத்தில் இருந்தார், அந்தக் கூட்டத்தில் ஒருவராக. தகுதிச்சுற்று முடிந்ததும் ஊர் திரும்ப விமான டிக்கெட் போட்டு வைத்திருந்தார்.

அந்த மூன்றையும் ஜெயித்தார். அப்புறம் பிரதான சுற்றில் ஏழு. ஆக பத்து ஆட்டம், ஆட்டத்துக்கு இரண்டு என்று இருபது செட். ஒரு செட்கூட விடவில்லை. எந்தச் செட்டும் டை-பிரேக்குக்கு (6-6 என்று சமமானால் ஆடுவது) போகவில்லை. யாரோ சோப்ளாங்கிகளோடு ஆடினார் என்றும் சொல்ல முடியாது. இரண்டாம் சுற்றில் வந்த ஜாங் ஷுவாய் அந்த ஆகஸ்டில்தான் சான் ஹோசேயில் இவரைத் தோற்கடித்தவர். நாலாவது சுற்றில் வந்த ஷெல்பி ரோஜர்ஸ் அப்போதுதான் முதல் நிலை ஆட்டக்காரர் ஆஷ்லி பார்ட்டியை வெளியே அனுப்பிவிட்டு வந்திருந்தார். அவருக்கு இவர் கொடுத்தது மூன்றே கேம். காலிறுதியில் பெலிண்டா பென்சிச், டோக்கியோ ஒலிம்பிக் தங்கம் வாங்கிச் சில வாரம்தான் ஆகியிருந்தது.

இறுதி ஆட்டத்தில் எனக்கு மறக்காத இடம் ஒன்று உண்டு. எதிரே கனடாவின் லெய்லா ஃபெர்னாண்டஸ், அவருக்கு 19 வயதுதான். இரண்டாவது செட், 5-3, ராடுகானு சர்வ் போடுகிறார். ஒரு பந்துக்குச் சறுக்கிப் போனதில் முழங்கால் கிழிந்து ரத்தம். ரத்தம் வந்தால் கட்டுப் போடாமல் ஆடவிட மாட்டார்கள். அப்போது பிரேக் பாயிண்ட் ஃபெர்னாண்டஸ் பக்கம், அந்தப் பாயிண்டை எடுத்தால் ராடுகானு சர்வ் போடுகிற கேம் அவருக்கு. அவர் நடுவரிடம் போய்க் கோபமாகப் பேசுகிறார். கட்டுப் போட்டுக்கொண்டு வந்த ராடுகானு அந்தப் பாயிண்டைக் காப்பாற்றி, கடைசியில் எதிராளி தொட முடியாத ஒரு சர்வ், ஓர் ஏஸ் போட்டு முடித்தார். 6-4, 6-3. தகுதிச்சுற்றிலிருந்து வந்து கிராண்ட் ஸ்லாம் (ஆண்டின் நாலு பெரிய போட்டிகளில் ஒன்று) வென்றவர், தொழில்முறைக் காலத்தில் ஆண்களிலும் பெண்களிலும் அவருக்கு முன் ஒருவரும் இல்லை. ஒரு ஆட்டம் அதிர்ஷ்டத்தில் போகலாம். இருபது செட் போகாது.

ஆனால் உங்கள் கோச்சின் கணக்கு எனக்கு உடன்பாடில்லை. அவர் வெற்றி வந்த வயதை மட்டும் பார்க்கிறார். அந்த வெற்றி வந்த வழி விசித்திரமானது, அதற்கு ராடுகானு கொடுத்த விலையும் பெரியது.

இந்தத் தொழிலின் படிக்கட்டு சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் (ஐடிஎஃப்) போட்டிகளில் தொடங்குகிறது. மொத்தப் பரிசு 15 ஆயிரம் டாலரிலிருந்து தொடங்கும், சின்னச் சின்ன ஊர்களில் வாராவாரம் நடக்கும். பந்து பொறுக்க ஆள் இருந்தால் விசேஷம். ராடுகானுவும் அங்கே இருந்தவர்தான். 2019 டிசம்பரில் நம் புனேவில் 25 ஆயிரம் டாலர் போட்டி ஒன்றை வென்றிருக்கிறார். அதற்கு 50 தரவரிசைப் புள்ளி. அமெரிக்க ஓப்பனை வென்றால் 2000. புனே போட்டியை நாற்பது தடவை ஜெயித்தால்தான் நியூயார்க்குக்குச் சமம். அப்படியே ஜெயித்தாலும் ஆண்டுக்குச் சிறந்த 16 போட்டிகளைத்தான் கணக்கில் எடுப்பார்கள் (அன்றைய விதி அது), எனவே எத்தனை புனே வென்றாலும் 800க்கு மேல் ஏறாது. ஆகவே ஒவ்வொரு படியாகத்தான் ஏற வேண்டும். வழக்கமாக அதற்கு நாலைந்து வருஷம் பிடிக்கும். அதற்குள் உடம்பு பழகும், தோல்வி பழகும், தனியாக ஹோட்டல் அறையில் உட்கார்ந்திருப்பதும் பழகும்.

ராடுகானுவுக்கு அந்த வருஷங்கள் கிடைக்கவில்லை. முதலில் தொற்றுக்காலம், பிறகு பள்ளித் தேர்வு. 2021 ஜூனில்தான் நாட்டிங்காமில் டபிள்யூடிஏ (பெண்கள் தொழில்முறை டென்னிஸை நடத்தும் சங்கம்) அளவில் முதல் ஆட்டம் ஆடினார், தோற்றார். அந்த மாதக் கடைசியிலேயே விம்பிள்டனுக்கு வைல்டு கார்டு, அதாவது தரவரிசை போதாவிட்டாலும் நடத்துபவர்கள் தருகிற நேரடி இடம். 338வது இடத்தில் இருந்தவர் மூன்று ஆட்டம் ஜெயித்து நாலாவது சுற்றுக்குப் போனார், அங்கே மூச்சுத்திணறி நடுவிலேயே விலகினார். ஆகஸ்டில் ஏ-லெவல் (நம் பன்னிரண்டாம் வகுப்பு மாதிரி) முடிவு வந்தது, கணிதத்தில் ஏ ஸ்டார், பொருளாதாரத்தில் ஏ. செப்டம்பர் 11ல் அமெரிக்க ஓப்பன் சாம்பியன். முதல் டபிள்யூடிஏ ஆட்டத்துக்கும் கோப்பைக்கும் நடுவே மூன்றே மாதம்!

தரவரிசை அடுத்த திங்களன்றே 150லிருந்து 23. இங்கேதான் வினை. இந்தப் புள்ளிகள் 52 வாரம்தான் நிற்கும். ஒரே போகத்தில் குதிர் நிறைய நெல் வந்துவிட்டது, ஆண்டு முழுக்க அதை வைத்துச் சாப்பிடலாம். ஆனால் அடுத்த போகம் பொய்த்தால் குதிர் ஒரே நாளில் காலி. 2022 அமெரிக்க ஓப்பனில் முதல் சுற்றிலேயே அலீஸ் கோர்னேயிடம் தோற்றார். 11வது இடத்திலிருந்தவர் 83க்கு விழுந்தார்.

நடுவில் அவர் பட்ட பாடு எல்லாம் படிக்கட்டில் பட வேண்டிய பாடுகள்தான் என்பது என் எண்ணம். 2022 ஆஸ்திரேலிய ஓப்பனில் மட்டை பிடிக்கிற கையில் கொப்புளம் வெடித்து, முழு ஃபோர்ஹேண்ட் அடிக்க முடியாமல் பந்தை வெட்டித் தள்ளி (ஸ்லைஸ்) ஆடித் தோற்றார். வாரம் தவறாமல் ஆடிக் காய்ப்பு ஏறிய கைக்கு இது வருவது அரிது. பயிற்சியாளர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். நியூயார்க்கில் கூட இருந்தவரை அந்த மாதமே அனுப்பிவிட்டார், அடுத்து வந்தவர் சில மாதம்தான். எந்த மாதிரிப் பயிற்சியாளர் தனக்கு ஒத்துவருவார் என்று கண்டுபிடிக்க எல்லோருக்கும்தான் நாளாகிறது. மற்றவர்கள் ஆள் பார்க்காத ஊரில் கண்டுபிடிக்கிறார்கள், இவர் பத்திரிகைகளின் முதல் பக்கத்தில் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. 2023ல் இரண்டு மணிக்கட்டிலும் ஒரு கணுக்காலிலும் அறுவை சிகிச்சை. பிறகு கீழேயிருந்து மறுபடி ஏறி, 2025ல் மயாமியில் காலிறுதி வரை வந்தார். 2025 முடிய, நியூயார்க்கைத் தவிர டபிள்யூடிஏ அளவில் வேறு பட்டம் இல்லை. விளம்பரங்களைப் பற்றி நான் எழுதியது மட்டமான பேச்சு. தியோர் ஃபேஷன் கம்பெனியும் போர்ஷே கார் கம்பெனியும் வந்து கதவைத் தட்டினால் அந்த வயதில் நானும் திறந்திருப்பேன், நீங்களும் திறந்திருப்பீர்கள்.

ஆக, உங்கள் மனைவி சொல்வதும் பாதிதான் சரி. பரீட்சை எழுதிவிட்டுப் போனார், ஜெயித்தார், உண்மை. ஆனால் பரீட்சை எழுதிய மாதங்களில் அவர் ஆடாமல் விட்டதும் உண்மை. அதை ஈடுகட்ட வேண்டியிருந்தது.

“மூன்று வருஷம்தான் இருக்கிறது” என்கிற அவசரம் பற்றி இன்னொன்று. ஜெனிஃபர் காப்ரியாட்டி என்ற அமெரிக்கப் பெண் 1990ல் 13 வயதில் தொழில்முறை ஆட்டக்காரரானார். முதல் போட்டியிலேயே இறுதி ஆட்டம், 14 வயதில் முதல் பத்துக்குள், 16 வயதில் பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஸ்டெஃபி கிராஃபை வென்று தங்கம். 1993ல் ஆட்டமே வேண்டாம் என்று போய்விட்டார், போலீஸ் வழக்கு வரை போனது. அதையெல்லாம் பார்த்துத்தான் டபிள்யூடிஏ 1995லிருந்து வயது விதியைக் கடுமையாக்கியது. 14 ஆகும்வரை தொழில்முறைப் போட்டி கிடையாது, 18 ஆகும்வரை ஆண்டுக்கு இத்தனை போட்டிதான் என்று வரம்பு. உங்கள் மகளுக்கும் அந்த வரம்பு உண்டு. கோச்சிடம் கேளுங்கள், நாள் முழுக்க கோர்ட்டில் இருந்து தயாராகிற பெண்ணுக்கு எத்தனை போட்டி ஆட அனுமதி இருக்கிறது என்று. காப்ரியாட்டி திரும்பி வந்ததையும் சொல்ல வேண்டும்: முதல் கிராண்ட் ஸ்லாம் 2001ல், மெல்போர்னில் நடக்கும் ஆஸ்திரேலிய ஓப்பனில், 24 வயதில்.

உங்கள் ஊர்க்காரர் நிருபமா வைத்தியநாதன் 1998 ஆஸ்திரேலிய ஓப்பனில் முதல் சுற்றை ஜெயித்தபோது அவருக்கு 21. தொழில்முறைக் காலத்தில் கிராண்ட் ஸ்லாம் ஒற்றையரில் பிரதான சுற்று ஆட்டம் ஒன்றை ஜெயித்த முதல் இந்தியப் பெண். கோவையிலேயே ஒரு உதாரணம் இருக்கும்போது கோச் ஏன் லண்டன் வரை போகிறார் என்று தெரியவில்லை.

நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 2022 செப்டம்பரில் நுங்கம்பாக்கம் மைதானத்தில் சென்னை ஓப்பன் பெண்கள் போட்டி. இறுதி ஆட்டத்துக்கு நண்பர் ஒருவர் இழுத்துப் போனார். செக் நாட்டுப் பெண் லிண்டா ஃப்ருவிர்டோவா, 17 வயது, 130வது இடம். எதிரே போலந்தின் மக்தா லினெட், 30 வயது. மூன்றாவது செட்டில் 1-4 என்று பின்தங்கியிருந்த சின்னப்பெண் அங்கிருந்து தொடர்ந்து ஐந்து கேம் எடுத்து ஜெயித்தாள். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது, நானும்தான். அடுத்த ராடுகானு இவள்தான் என்று நண்பரிடம் ஆட்டோவில் உளறிக்கொண்டு வந்தேன்.

அந்தப் பெண் அடுத்த ஆண்டு 49வது இடம் வரை போனாள். அதற்கடுத்த ஆண்டு நூறுக்கு வெளியே. இன்னும் சின்ன வயது, திரும்பி வரலாம். ஆனால் அன்றைக்கு நான் திரும்பியும் பார்க்காத லினெட் இருக்கிறாரே, எந்த கிராண்ட் ஸ்லாமிலும் மூன்றாம் சுற்றைத் தாண்டாதவர், சென்னையில் தோற்று நாலே மாதத்தில் மெல்போர்னில் அரையிறுதிக்குப் போனார். வழியில் நாலாம் நிலை கரோலின் கார்சியாவைத் தோற்கடித்தார். தொலைக்காட்சியில் அதைப் பார்த்தபோது நுங்கம்பாக்கத்தில் அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்துபோனதை நினைவுபடுத்திப் பார்த்தேன். ஞாபகத்தில் ஒன்றும் இல்லை. நான் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

சரி, பள்ளி விஷயம். நான் கோச் இல்லை, உங்கள் மகள் ஆடி நான் பார்த்ததும் இல்லை. என்னைக் கேட்டால் பதினொன்றாம் வகுப்பில் சேருங்கள், வருகைப்பதிவில் தளர்வு தருகிற பள்ளியாகப் பாருங்கள். அதைவிட முக்கியமாக, நீங்கள் மூன்று பேரும் பேசுகிறீர்கள், கடிதத்தில் அவள் பேச்சு ஒரு வரிகூட இல்லை. அடுத்து பக்கத்தில் எங்காவது 15 ஆயிரம் டாலர் போட்டி நடந்தால் அவளைக் கூட்டிக்கொண்டு போங்கள், ஆடுவதற்கு அல்ல, பார்க்க. இறுதி ஆட்டத்துக்கு வேண்டாம், தகுதிச்சுற்று நாளுக்குப் போங்கள். நான் போன இடங்களில் டிக்கெட் கேட்டதில்லை. காலை ஒன்பது மணிக்கே வெயில் ஏறிவிடும், தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சுற்றில் தோற்றுப்போன பெண்கள் மதியம் நிழலில் உட்கார்ந்து அடுத்த ஊருக்கு ரயில் டிக்கெட் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களோடு உங்கள் மகள் கொஞ்சம் பேசட்டும். திரும்பி வரும்போது என்ன சொல்கிறாள் என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.