எனக்கு டாட்டா, பாட்டிக்கு அழுகையா?

கேள்வி: என் மகனுக்கு ஒன்றே கால் வயது. பகல் முழுக்க என் அம்மாதான் பார்த்துக்கொள்கிறார். நான் வேலைக்குக் கிளம்பினால் சிரித்தபடி டாட்டா காட்டுகிறான். பாட்டி தெருமுனைக் கடைக்குப் போனாலே ஊரைக் கூட்டுகிறான். என்னிடம் அவனுக்கு ஒட்டுதலே இல்லையா?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: கிளம்பும்போது அழுவதை விடுங்கள், சாயங்காலம் நீங்கள் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் என்ன செய்கிறான்? ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டு, கொஞ்ச நேரம் தூக்கிவைத்திருந்தால் போதும் என்று இறங்கி மறுபடி பொம்மையிடம் போய்விடுகிறானா? அப்படியானால் கவலையே வேண்டாம். குழந்தைக்கு அம்மாவிடம் உள்ள ஒட்டுதலைப் பார்க்க, அமெரிக்காவின் பால்டிமோரில் உளவியலாளர் மேரி எய்ன்ஸ்வொர்த் வகுத்த புகழ்பெற்ற சோதனையிலும் (பொம்மைகள் கிடக்கும் அறை, ஏறக்குறைய 20 நிமிடம், அம்மா இரண்டு முறை வெளியே போய் வருவார்) முக்கியமாகக் கவனித்தது அம்மா திரும்பி வரும் அந்த நேரத்தைத்தான்.

அழுகையை வைத்து மட்டும் கணக்குப் போட்டால் தப்பாகிவிடும். ஜப்பானின் சப்போரோவில் இதே சோதனையைச் செய்தபோது, அம்மாவைப் பிரிந்தே பழகாத அந்தக் குழந்தைகள் தனியாக விட்டதும் அப்படி வீறிட்டன, பாதியில் நிறுத்த வேண்டிவந்தது. ஜெர்மனியின் பீலஃபெல்டில் நேர்மாறு. சீக்கிரமே தனியாக இருக்கப் பழக்குகிற ஊர், திரும்பி வந்த அம்மாவைக் கண்டுகொள்ளாத குழந்தைகள் அங்கே நிறைய. அதற்காக ஜப்பான் அம்மாவுக்குப் பாசம் ஜாஸ்தி, ஜெர்மன் அம்மாவுக்குக் கம்மி என்பீர்களா? 1988-இல் 8 நாடுகளின் 32 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். நாட்டுக்கு நாடு இருந்ததைவிட, ஒரே நாட்டுக்குள் இருந்த வித்தியாசம்தான் பெரிதாக இருந்தது.

பாட்டியிடம் ஒட்டியதால் உங்கள் பங்கு குறைந்துவிடாது, குழந்தை மனசு ரேஷன் கார்டா என்ன! ஒன்றே ஒன்று, பாட்டி ஊருக்குத் திரும்புவதாக இருந்தால் ராத்திரியோடு ராத்திரியாக அனுப்பிவிடாதீர்கள். ஒட்டுதல் பற்றிய கொள்கையையே உருவாக்கிய மனநல மருத்துவர் ஜான் பௌல்பியை வளர்த்த ஆயா, அவருக்கு நான்கு வயது ஆகும் முன்பே வேலையை விட்டுப் போய்விட்டார். பெற்ற தாயை இழந்தது போல இருந்தது என்று பெரியவரான பிறகும் அதைச் சொன்னார். புதிதாகப் பார்த்துக்கொள்ளப் போகிறவர் பாட்டி இருக்கும்போதே சில வாரம் வந்து பழகட்டும்.

கேள்வி: என் கணவருக்கு வயது 36. தினமும் ராத்திரி அம்மாவிடம் போனில் பேசினால்தான் தூக்கம். இது குழந்தைத்தனம் இல்லையா?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: இல்லை. அதே பௌல்பி, இந்த ஒட்டுதல் தொட்டிலிலிருந்து கல்லறை வரை கூடவே வரும் என்றார். ஆனால் ஆபீஸில் நடந்ததை எல்லாம் அம்மாவிடம் கொட்டிவிட்டு உங்களிடம் 'ஒண்ணுமில்லை' என்கிறாரா, அதைச் சொல்லுங்கள், அப்புறம் பேசலாம்.