பாட மனம் வராதபோது துதிப்பது மாய்மாலமா?

அன்புச் சகோதரருக்கு ஸ்தோத்திரம். தகப்பனாரை அடக்கம் செய்த நாள்முதல் ஆராதனையில் உதடு மட்டுமே அசைகிறது, இது மாய்மாலமோ என்று கேட்டிருந்தீர்கள். அப்படி நான் நினைக்கவில்லை. யாத்திராகமம் 15-ஆம் அதிகாரத்தில் மோசேயின் சகோதரி மிரியாம் தம்புரு என்னும் கைம்மேளத்தைக் கையில் எடுத்துத் துதித்தது, எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து தப்பிய இஸ்ரவேலர் செங்கடலைக் கடந்து கரையேறிய பிறகுதான். தேவன் ஏற்கெனவே செய்து முடித்த மீட்புக்கு மறுமொழியாகவே அந்தத் துதி எழுந்தது. 103-ஆம் சங்கீதத்தில் தாவீது தம் ஆத்துமாவையே தட்டி எழுப்புவதுபோல, ‘அவர் செய்த சகல உபகாரங்களையும் மறவாதே’ என்கிறார். உள்ளம் தானாகப் பொங்கியிருந்தால் அப்படிச் சொல்லவேண்டிய தேவையே இருந்திராது. (கைதட்டும்படி மேடையிலிருந்து வற்புறுத்துவது வேறு விஷயம், அதில் எனக்கும் உடன்பாடில்லை.) இப்போதைக்கு, இருளிலேயே முடிகிற 88-ஆம் சங்கீதத்தை வீட்டில் வாய்விட்டு வாசியுங்கள், அதுவும் ஆராதனைதான். ஞாயிறன்று சபையார் பாடும்போது பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அவர்களோடு நின்றாலே போதும்.