ஆறு பிரஸ்ஸின் கேபிளையும் ஒரே பைப்பில் விடலாமா?

கேள்வி: கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் ரப்பர் உதிரிபாகங்கள் செய்யும் சிறிய ஆலை நடத்துகிறேன். ஆறு ஹைட்ராலிக் பிரஸ்களும் ஒரு மிக்சிங் மில்லும் இருக்கின்றன. ஹீட்டரும் மோட்டாரும் சேர்ந்து ஒவ்வொரு பிரஸ்ஸும் 20 ஆம்பியர் வரை இழுக்கிறது. கேபிள்கள் தரையில்தான் கிடக்கின்றன; போன மாதம் ஹேண்ட் பேலட் டிரக் ஏறியதில் ஒன்று நசுங்கிவிட்டது. டேப் சுற்றி ஓட்டிக்கொண்டிருக்கிறோம். ஆறு கேபிளையும் சுவரோரமாக ஒரே மூன்று அங்குல பி.வி.சி. பைப்பில் விட்டு, சென்சார் ஒயர்களையும் அதிலேயே சேர்த்துவிடலாம் என்கிறார் எங்கள் எலக்ட்ரீஷியன். இரண்டு பிரஸ்களில் டெம்பரேச்சர் மீட்டர் வேறு அவ்வப்போது குதிக்கிறது. அவர் சொல்வது சரிதானா, ஐயா?

பதில்: தரையிலிருந்து கேபிளை எடுக்க வேண்டும் என்று அவர் சொல்வது சரி, ஒரே பைப்பில் அடைக்கச் சொல்வது தவறு. ஆனால் முதல் வேலை அந்த நசுங்கிய கேபிள். வெளியுறையில் சிறு கீறல்தான் தெரிந்தாலும் உள்ளே கோர்களுக்கு (தனித்தனி ஒயர்களுக்கு) இடையிலுள்ள இன்சுலேஷன் நசுங்கி மெலிந்திருக்கக்கூடும். அதை டேப் சரிசெய்யாது. இரு முனையையும் கழற்றிவிட்டு 500 வோல்ட் மெக்கரில் (இன்சுலேஷனின் மின்தடையை அளக்கும் கருவி) சோதித்து, 1 மெகாஓமுக்குக் குறைவாகக் காட்டினால் அன்றே ஓட்டுவதை நிறுத்திவிடுங்கள். கூடுதலாகக் காட்டினாலும், புதிய கேபிள் வரும்வரை மட்டுமே அதை ஓட்டலாம் என்பது என் கருத்து.

இனி பைப் விஷயம். கேபிள் எவ்வளவு ஆம்பியர் தாங்கும் என்பது செம்பின் தடிமனை மட்டும் பொறுத்ததன்று. உண்டாகும் சூடு எவ்வளவு எளிதாக வெளியேறுகிறது என்பதையும் பொறுத்தது. சாதாரண பி.வி.சி. இன்சுலேஷனுக்கு 70 டிகிரி செல்சியஸ்தான் எல்லை. நம் ஊர்க் கேபிள் அட்டவணைகளில் காற்றில் ஓடும் கேபிளுக்குப் போட்டிருக்கும் ஆம்பியர், சுற்றுப்புறம் 40 டிகிரி என்று வைத்துக்கொண்டு போட்டது. சித்திரை, வைகாசியில் மதுரையில் வெளியிலேயே 40 டிகிரியைத் தாண்டுகிறது என்றால், ஆறு பிரஸ் ஓடும் தகரக் கூரைக்கு அடியில் 50 டிகிரி என்று கணக்கிடுவது மிகையாகாது. அந்த 50 டிகிரிக்காகக் கேபிளின் திறனை 0.82 ஆல் பெருக்க வேண்டும். ஆறு கேபிள்கள் ஒன்றையொன்று ஒட்டிக் கட்டாக ஓடினால் அதை மேலும் 0.57 ஆல் பெருக்க வேண்டும். தனியாக ஓடும்போது 30 ஆம்பியர் தாங்கும் கேபிள் இந்தக் கட்டுக்குள் 14 ஆம்பியர்தான் தாங்கும்; காற்றோட்டமில்லாத பைப்புக்குள் போனால் அதைவிடவும் குறையும். உங்களுக்குத் தேவையோ 20.

அதே ஆறு கேபிள்களைத் துளையிட்ட கேபிள் டிரேயில் ஒரே வரிசையாக, ஒட்டினாற்போலப் பரப்பினால் 0.57 என்பது 0.73 ஆகிறது, அதாவது ஏறத்தாழ 18 ஆம்பியர். ஒரு கேபிளின் விட்டமளவுக்கு இடையில் இடம் விட்டால் 0.91 வரை வரும். அப்போது சுமார் 22 ஆம்பியர். கேபிளும் அதுதான், கொட்டகையும் அதுதான்; இடைவெளி மட்டுமே மாறுகிறது. உங்களிடம் இருக்கும் கேபிளின் அளவுக்கு உரிய எண்ணை உற்பத்தியாளரின் அட்டவணையில் எடுத்துக்கொண்டு இதே கணக்கைப் போடுங்கள். 20 ஆம்பியருக்கு மேல் போதிய மிச்சம் இல்லையென்றால் அடுத்த பெரிய அளவுக்குப் போய்விடுவது நல்லது.

மின்னோட்டம் அளவு மீறினால் தானே அணையும் எம்.சி.பி. காப்பாற்றாதா என்று கேட்பீர்கள். எம்.சி.பி. தன் வழியே போகும் மின்னோட்டத்தைத்தான் அறியும். பத்து மீட்டர் தள்ளிக் கட்டுக்குள் கேபிள் வேகிறதா என்பது அதற்குத் தெரியாது. சில ஆண்டுகளுக்கு முன் மதுரைக்கு அருகே ஒரு தொழிற்கூடத்தில், கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டிய ஏழு கேபிள்களை அவிழ்த்துப் பார்த்தேன். வெளிப்பக்கம் இருந்தவை புதிது போலப் பளபளத்தன. நடுவில் இருந்ததைச் சற்றே வளைத்ததும் அதன் உறை அப்பளம்போல நொறுங்கிக் கையில் உதிர்ந்தது. அந்த வரிசையில் ஒரு எம்.சி.பி.கூட அதுவரை டிரிப் ஆனதில்லை. பார்க்க என்னவோ அந்தக் கட்டு படம் பிடித்து வைக்கலாம்போல அழகாகத்தான் இருந்தது.

ஆகவே பேனலிலிருந்து பிரஸ் வரிசைக்கு மேலாகத் துளையிட்ட ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) டிரே போடுங்கள். தகரத்தை ஒட்டி ஏற்றிவிடாதீர்கள். கூரைக்கு அடியில்தான் சூடு தேங்கும். டிரேயின் ஒவ்வொரு இணைப்பிலும் எர்த் பட்டை போட்டு முழு நீளத்தையும் எர்த் செய்ய வேண்டும். அதற்காக டிரேயையே எர்த் ஒயராகப் பயன்படுத்தக் கூடாது. கேபிளைக் கட்ட நைலான் டை போதும், அதுவும் கேபிளை நசுக்காத அளவுக்கு. கட்டுக்கம்பி வேண்டவே வேண்டாம். அதிர்வில் அது உறையை மெல்ல மெல்ல அறுத்துவிடும். உலோகக் கவசமிட்ட ஆர்மர்டு கேபிளைத் திருப்பும்போது வளைவின் ஆரம் கேபிள் விட்டத்தைப்போல 12 மடங்குக்குக் குறையக் கூடாது.

டிரேயிலிருந்து ஒவ்வொரு பிரஸ்ஸுக்கும் ஜி.ஐ. பைப் வழியாகத் தனித்தனியே இறக்குங்கள். இயந்திரப் பெட்டிக்குள் கேபிள் மேலிருந்து நுழையாமல் அடியிலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ கிளாண்ட் (கேபிளை இறுக்கிப் பிடித்து ஓட்டையை அடைக்கும் திருகு மூடி) வழியாக நுழையட்டும். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உங்கள் தொழிலின் கார்பன் பிளாக். அது வெறும் அழுக்கன்று, மின்சாரம் கடத்தும் தூள். கிளாண்ட் இல்லாத ஓட்டை வழியே இறங்கி, எண்ணெய்ப் பிசுக்கோடு டெர்மினல்களுக்கு இடையே படிந்தால் அதுவே ஷார்ட்டுக்கு வழி செய்துவிடும். கம்ப்ரஸர் காற்றை அடித்துப் பேனலைத் துடைக்கும் வழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். அது தூளைக் காண்டாக்டர் சுவிட்சுக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளும். மின்சாரத்தை நிறுத்தி, வேக்குவம் கிளீனரால் உறிஞ்சுவதே முறை. எலி வருவதும் இதே ஓட்டை வழியாகத்தான். சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பேனல் மேல் வைக்கும் பழக்கத்தையும் சேர்த்து நிறுத்திவிட்டால் பாதி எலி குறைந்துவிடும்.

பிரஸ்ஸை நெருங்கும் கடைசி ஒரு மீட்டரை மட்டும் தனியாகக் கவனியுங்கள். 160 டிகிரியில் இருக்கும் பிளாட்டனுக்கு (பிரஸ்ஸின் சூடான அழுத்துத் தட்டு) பக்கத்தில் பி.வி.சி. ஒயர் நிற்காது; அங்கே கண்ணாடியிழை அல்லது சிலிக்கான் உறையிட்ட ஒயரும் செராமிக் கனெக்டரும் வேண்டும். ஏறி இறங்கும் பிளாட்டனோடு போகும் ஒயரை உலோக ஃபிளெக்சிபிள் குழாய்க்குள் விட்டு, முழு ஓட்டத்துக்கும் போதுமான தளர்வு கொடுங்கள். ஹைட்ராலிக் ஹோஸுக்குக் கீழே கேபிளைக் கொண்டுபோகாதீர்கள். சொட்டும் எண்ணெய் பி.வி.சி. உறையைக் கெடுக்கும்.

மீட்டர் குதிப்பதற்குப் பெரும்பாலும் ஒயர் செல்லும் வழியே காரணம். சூட்டை அளக்கும் கே வகைத் தெர்மோகப்பிள் சென்சார் 160 டிகிரியில் கொடுப்பதே சுமார் 6.5 மில்லிவோல்ட், ஒரு டிகிரி என்பது ஏறத்தாழ 40 மைக்ரோவோல்ட்தான். 415 வோல்ட் கேபிளோடு அது ஒட்டிப் போனால் மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போதெல்லாம் மீட்டர் தடுமாறும். சென்சார் ஒயருக்குத் தனி டிரே போட்டு, மின்கேபிளிலிருந்து 300 மில்லிமீட்டர் தள்ளிக் கொண்டுபோங்கள். குறுக்கிட்டே ஆக வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்கட்டும். சென்சார் ஒயரைச் சுற்றியுள்ள உலோக உறையான ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்ய வேண்டும். நடுவில் சாதாரணச் செம்பு ஒயரால் ஒட்டுப் போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். அந்தத் தெர்மோகப்பிள் வகைக்குரிய காம்பன்சேட்டிங் கேபிள் இல்லாவிட்டால் மீட்டர் குதிப்பதோடு தப்பாகவும் காட்டும்.

மிக்சிங் மில் கூடத்தின் நடுவில் இருந்தால் அதற்கும் மேலிருந்து இறக்குவதே நல்லது. தரைக்கால்வாய் வெட்டி, மேலே செக்கர்டு இரும்புத் தகடு போடலாம்தான், ஆனால் ஐப்பசி மழையில் அதில் தண்ணீர் நின்றால் கேபிள் அதிலேயே ஊறிக் கிடக்கும்.

உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரிடம் வேலையைக் கொடுங்கள். அழகர் ஆற்றில் இறங்கும் நாளையொட்டி எப்படியும் ஆலைக்கு விடுமுறை விடுவீர்கள். மெயினைப் பூட்டிவிட்டு வேலை செய்ய அது தோதான சமயம். இரு முனையிலும் எண் போடாமல் ஒரு கேபிளும் டிரேயில் ஏறக் கூடாது.

வேலை முடிந்து இரண்டு வாரம் கழித்து, ஆறு பிரஸ்ஸும் முழுச் சுமையில் ஓடும்போது இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் பேனலின் டெர்மினல்களைப் பாருங்கள். ஒரே சுமை உள்ள மூன்று ஃபேஸ்களில் ஒன்று மட்டும் பத்து டிகிரிக்கு மேல் கூடுதலாகக் காட்டினால் அங்கே இணைப்பு சரியில்லை. மெயினை நிறுத்தி, ஸ்க்ரூவை இறுக்குவதோடு விட்டுவிடாமல், ஒயர் முனையிலுள்ள லக்கை வெட்டியெறிந்து, புதிய லக்கை அழுத்திக் கிரிம்ப் செய்யச் சொல்லுங்கள்.