சுண்டெலிக்குப் பரங்கிக்காய்: பத்தை வேண்டாம், சின்னத் துண்டு போதும்

கேள்வி: ஆறாவது படிக்கும் என் மகள் ஆசைப்பட்டாள் என்று இரண்டு வெள்ளைச் சுண்டெலிகள் வாங்கி வளர்க்கிறோம். இரண்டும் பெண். போன வாரம் சாம்பாருக்குப் பரங்கிக்காய் நறுக்கும்போது ஒரு சின்னப் பத்தையைக் கூண்டில் போட்டேன். விழுந்தடித்துச் சாப்பிட்டன, காலையில் பாதிதான் மிச்சம். அன்றைக்கே ஒன்றுக்கு வயிறு கழிந்து வால் அடியெல்லாம் ஈரம். இரண்டு நாளில் சரியாகிவிட்டது. பரங்கிக்காய் எலிக்கு ஆகாதா? நாய்க்கு வயிறு சரியில்லை என்றால் பூசணிதான் கொடுக்கச் சொல்கிறார்களே? பரங்கிக் கொட்டையை வறுத்துப் போட்டால் வயிற்றுப் பூச்சி போய்விடும் என்கிறார் என் மாமியார். கொடுக்கலாமா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: பரங்கிக்காய் சுண்டெலிக்கு ஆகும். பச்சையாகவும் கொடுக்கலாம், வேகவைத்தும் கொடுக்கலாம். உங்கள் வீட்டில் வயிறு கழிந்ததற்குக் காரணம் காயல்ல, அளவு. ஒரு சின்னக் கணக்குப் போட்டால் உங்களுக்கே புரியும்.

வளர்ந்த பெண் சுண்டெலி ஒன்றின் எடை சுமார் 30 கிராம். நீங்கள் போட்ட சின்னப் பத்தை 20 கிராம் என்று வைத்துக்கொள்வோம். பாதி காலி என்றால் ஆளுக்கு 5 கிராம். கேட்பதற்குக் கொஞ்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது அதன் எடையில் ஆறில் ஒரு பங்கு. 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரே ராத்திரியில் 10 கிலோ பரங்கிக்காய் சாப்பிட்டால் என்ன ஆகும்? அதுதான் ஆகியிருக்கிறது. பரங்கிக்காயில் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் தண்ணீர். ஒரு சுண்டெலி நாள் முழுக்கக் குடிக்கும் தண்ணீரே 4, 5 மில்லிதான். அதே அளவு தண்ணீர் காய் வழியாக ஒரே மூச்சில் குடலுக்குள் போயிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. எலியின் பெருங்குடல் தொடங்கும் இடத்தில் ஒரு பை இருக்கிறது. நார்ச்சத்தை நுண்ணுயிர்கள் புளிக்கவைத்துச் செரிப்பது அங்கேதான். தினமும் பெல்லட் என்ற காய்ந்த உருட்டுத் தீவனமும் தானியமும் வந்த இடத்தில் திடீரென்று ஈரமான புதுக் காய் நிறைய வந்து சேர்ந்தால் அந்த நுண்ணுயிர்களின் கூட்டம் குலைந்துவிடும். மெதுவாகப் பழக்கினால் இந்தத் தொந்தரவு வராது. போதாக்குறைக்கு, எலிக்கு வாந்தி எடுக்க முடியாது. அதன் உடலமைப்பே அப்படி. நாய், பூனை ஒவ்வாததைக் கக்கிவிட்டுத் தப்பிக்கும். எலி எதைத் தின்றாலும் அது கடைசிவரை போய்த்தான் ஆக வேண்டும்.

உங்கள் எலி இரண்டு நாளில் தேறிவிட்டது, நல்லது. இருந்தாலும் ஒரு வாரத்துக்குக் காய், பழம் எதுவும் வேண்டாம். பெல்லட்டும் தண்ணீரும் மட்டும் கொடுங்கள். கூண்டின் அடிவிரிப்பை முழுதாக மாற்றிவிடுங்கள். எலிகள் தங்கள் புழுக்கையையே கொஞ்சம் தின்னும். அது அசிங்கமல்ல, குடலில் உண்டாகும் வைட்டமின்களைத் திரும்ப எடுத்துக்கொள்ள அவற்றுக்கு இருக்கும் வழி. ஆனால் வயிறு கழிந்த நேரத்தில் அழுக்கு விரிப்பு கூண்டிலேயே கிடந்தால் நோயும் அதே வழியில் திரும்ப உள்ளே போகும்.

அடுத்த வாரம் மறுபடி ஆரம்பிக்கும்போது ஒரு சென்டிமீட்டர் சதுரத்துக்கு ஒரு துண்டு நறுக்குங்கள். சாம்பாருக்குப் போடும் துண்டைவிட நன்றாகச் சின்னது. அது ஏறக்குறைய ஒரு கிராம் இருக்கும். முதல் நாள் அதிலும் பாதி. மறுநாள் காலையில் புழுக்கையைப் பாருங்கள். அரிசி போலக் கறுப்பாக, கெட்டியாக, தொட்டால் உருளும்படி இருந்தால் சரி, அடுத்த தடவை முழுத் துண்டு கொடுக்கலாம். நசுங்கினாலோ விரிப்பில் ஒட்டினாலோ இன்னும் நான்கு நாள் பொறுங்கள். பழகிய பிறகும் வாரத்துக்கு இரண்டு, மூன்று தடவைக்கு மேல் வேண்டாம். ஒரு சுண்டெலி நாளொன்றுக்குத் தின்பதே 4, 5 கிராம் காய்ந்த தீவனம்தான். வாரக் கணக்கில் பார்த்தால் காய், பழம் எல்லாம் சேர்ந்து அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

தோலைச் சீவிவிடுங்கள். அது விஷமல்ல, ஆனால் தோல்மேல் அடித்த மருந்து இவ்வளவு சின்ன உடம்புக்கு அதிகம். மார்க்கெட்டில் அறுத்து வைத்திருக்கும் பத்தை என்றால் அறுத்த பக்கத்தில் ஒரு விரல் கனத்துக்குச் சீவித் தள்ளிவிட்டு உள்சதையைக் கொடுங்கள். ஈ உட்காரும் இடமே அதுதான். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தால் குளிர் விடட்டும். வேகவைத்துக் கொடுப்பதானால் வெறும் தண்ணீரில் வேகவைத்தது மட்டும். உப்பு, காரம், தாளிப்பு விழுந்த பிறகு அந்தக் காய் உங்களுக்குத்தான். பரங்கிக்காய்க் கூட்டில் மிஞ்சியதை எடுத்து வைக்கிறேன் என்று யாராவது சொன்னால் தடுத்துவிடுங்கள். அதில் வெங்காயமும் பூண்டும் வேறு இருக்கும்.

நீங்கள் எழுதியிருப்பது மஞ்சள் பூசணி என்றே எடுத்துக்கொண்டு சொல்கிறேன். வெண்பூசணியும் கெடுதல் இல்லை. ஆனால் அது ஏறக்குறைய முழுக்கத் தண்ணீர்தான், எலிக்குக் கொடுப்பதில் ஒரு லாபமும் கிடையாது. ஆயுத பூஜைக்குத் திருஷ்டி கழித்து உடைத்த பூசணியைக் கொண்டுவந்து கூண்டில் போடும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். உள்ளே கொட்டிய குங்குமத்தின் சாயமும் தெருமண்ணும் சதையில் நன்றாக ஊறியிருக்கும். கழுவினாலும் போகாது.

கொடுக்கும் நேரமும் முக்கியம், பலரும் இதைக் கவனிப்பதில்லை. சுண்டெலி ராத்திரியில் நடமாடும் பிராணி. காலையில் போட்டால் தூக்கக் கலக்கத்தில் ஒரு கடி கடித்துவிட்டு மிச்சத்தை இழுத்துக்கொண்டு போய்க் கூட்டுக்கு அடியில் பதுக்கிவிடும். பதுக்குவது அதன் பிறவிக் குணம். நம் ஊர்ப் புழுக்கத்தில் பரங்கிக்காய் மறுநாளே கொழகொழத்துப் பூஞ்சை பிடிக்கும். பசித்தால் எலி அதைத்தான் தேடித் தின்னும். என்னிடம் வரும் எலிகளில் பாதிக்கு வயிற்றுக் கோளாறு இந்தப் பதுக்கலால்தான் என்பேன். எனவே விளக்கு வைக்கும் நேரத்தில் கொடுங்கள், படுக்கப் போகும் முன் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். தட்டு காலி என்று நம்பி விட்டுவிடாதீர்கள். கூட்டின் மூலை, சக்கரத்துக்குப் பின்னால், அட்டைக் குழாய்க்குள் எல்லாம் கைவிட்டுத் தேடுங்கள். இந்த வேலையை மகளிடமே கொடுக்கலாம். முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், அதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஈர விரிப்பில் சிறுநீரும் சேர்ந்தால் அம்மோனியா நெடி ஏறும். எலிகளுக்கு மூச்சுக் கோளாறு ஏற்கெனவே அதிகம், இந்த நெடி அதைக் கிளறிவிடும்.

நாய் விஷயத்துக்கு வருவோம். பத்து கிலோ நாய்க்கு ஒரு கரண்டி வெந்த பூசணி கொடுத்தால் அதிலுள்ள நார் குடலில் இருக்கும் நீரை உறிஞ்சி மலத்தைக் கொஞ்சம் இறுக்கும். லேசான வயிற்றுக் கோளாறுக்கு அது உதவுவது உண்மை. அதையே 30 கிராம் சுண்டெலிக்குச் செய்தால் நார் செய்யும் உதவியைவிடத் தண்ணீர் செய்யும் தொந்தரவு பெரிது. அதைவிட, நாய் ஒரு நாள் தாங்கும். சுண்டெலியின் உடம்பில் நீர் சேமிப்பு மிகக் குறைவு, வயிறு கடுமையாகக் கழிந்தால் சீக்கிரமே துவண்டுவிடும். வயிற்றுப்போக்குக்கு வைத்தியமாகப் பரங்கிக்காய் சுண்டெலிக்கு வேண்டவே வேண்டாம்.

மாமியார் சொன்னதிலும் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. நாடாப்புழுவுக்குப் பூசணி விதை கொடுப்பது பல நாடுகளில் பழைய வழக்கம். ஆனால் வளர்ப்புச் சுண்டெலிகளில் நாங்கள் அதிகம் பார்ப்பது ஊசிப்புழு. ஒன்றிரண்டு வறுத்த விதை அதை ஒன்றும் செய்யாது. புழு இருக்கிறதா என்பதை ஊகிக்கவும் வேண்டாம். ஆசனவாயில் செலோ டேப்பை ஒற்றி எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் பெரும்பாலும் முட்டை தெரிந்துவிடும், புழுக்கைப் பரிசோதனையும் உண்டு. இருந்தால் எடை பார்த்து மருந்து. மனிதருக்கான பூச்சி மாத்திரையில் ஒரு துளி உடைத்துத் தண்ணீரில் கலக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. அந்த ஒரு துளியே எத்தனை மடங்கு என்று உங்களால் அளக்க முடியாது.

மருந்தாக இல்லாமல் தின்பண்டமாகக் கொட்டை கொடுக்கலாம். எலிக்கு அது பிடிக்கும், உரித்துத் தின்பதைப் பார்க்கவும் அழகாக இருக்கும். பரங்கிக்காய் அறுத்ததும் கொட்டையை நாரில்லாமல் கழுவி, நன்றாகக் காயவைத்துப் போடுங்கள். வறுக்க வேண்டியதில்லை. கடையில் விற்கும் உப்புப் போட்ட விதை வேண்டாம். பருப்பில் ஏறக்குறைய பாதி கொழுப்பு. எனவே ஒரு எலிக்கு ஒரு கொட்டை, வாரத்தில் ஒரு நாள், இரண்டு நாள். தினம் நாலு கொட்டை என்று போனால் எலி பெல்லட்டைத் தொடாது, உடம்பு மட்டும் உருண்டையாகிவிடும்.

சத்துக்காகவே பரங்கிக்காய் கொடுக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதிலுள்ள பீட்டா கரோட்டினை எலி வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும், சரிதான். ஆனால் நல்ல பெல்லட்டில் வைட்டமின் ஏ ஏற்கெனவே இருக்கிறது. வைட்டமின் சி-யைச் சுண்டெலி தன் உடம்பிலேயே தயாரித்துக்கொள்ளும். ஆக, காய் என்பது அதற்கு ஒரு மாறுதல், கொறிக்க ஒரு புதுப் பொருள், அவ்வளவுதான். அந்த வகையில் வாழைப்பழத்தைவிடப் பரங்கிக்காய் மேல். பழத்தில் சர்க்கரை 12 சதவீதம், பரங்கிக்காயில் 3 சதவீதம்கூட இல்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை மட்டும் பெரியது. கொடுக்கும் முன் பச்சைக் காயில் நுனியளவு கிள்ளி உங்கள் நாக்கில் வையுங்கள். கசந்தால் துப்பிவிட்டுக் காயை அப்படியே தூக்கிப் போடுங்கள். எலிக்கு மட்டுமல்ல, சாம்பாருக்கும் வேண்டாம். பூசணி, சுரை, வெள்ளரி வகையில் எப்போதாவது ஒரு காயில் குகுர்பிடாசின் என்ற கசப்பு நஞ்சு ஏறிவிடும். வேகவைத்தாலும் அது போகாது. கசந்த சுரைக்காய்ச் சாறு குடித்து நம் நாட்டில் மனிதர்களே இறந்திருக்கிறார்கள். வீட்டுக் கொல்லையில் தானாக முளைத்த கொடியில் காய்த்தது என்றால் கூடுதலாகக் கவனியுங்கள்.

இனிமேல் எப்போதாவது வயிறு கழிந்தால் முதலில் காயை நிறுத்துங்கள். தண்ணீர் பாட்டிலில் அடைப்பு இல்லாமல் சொட்டுகிறதா என்று விரலால் தட்டிப் பாருங்கள். கூடவே ஒரு சின்ன மூடியில் ஓ.ஆர்.எஸ். கரைசலும் வைக்கலாம். சிரிஞ்சில் எடுத்து வாயில் பீச்சாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். சமையலறைத் தராசில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை வைத்து, பூஜ்ஜியமாக்கி, எலியை உள்ளே விட்டு எடை பாருங்கள். உடம்பு நன்றாக இருக்கும்போதே வாரம் ஒரு தடவை எடை குறித்து வைத்தால்தான் இது பயன்படும். 30 கிராமில் 3 கிராம் குறைந்தாலே பத்து சதவீதம் போய்விட்டது என்று அர்த்தம்.

முடி சிலிர்த்து, முதுகு கூனி, கண் பாதி மூடி ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாலோ, தொட்டால் உடம்பு சில்லென்று இருந்தாலோ நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். கழிச்சல் ஒரு நாளைத் தாண்டினாலும் அப்படித்தான். உங்கள் ஊர்க் கால்நடை மருத்துவரிடம் எலி பார்ப்பாரா என்று முதலில் போனில் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் உங்களுக்கு ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கம். கூண்டை மெல்லிய துணியால் மூடி, வெயில் ஏறும் முன் கிளம்புங்கள். வெந்நீர் பாட்டில் ஒன்றைத் துணியில் சுற்றிக் கூண்டின் ஒரு பக்கமாக வைத்தால் சில்லிட்ட எலிக்கு இதமாக இருக்கும். இரண்டையும் சேர்த்தே கொண்டுபோங்கள். அன்றைய புழுக்கை கொஞ்சத்தை ஒரு சின்ன டப்பாவில் போட்டு எடுத்துப் போனால் பரிசோதனை அங்கேயே முடிந்துவிடும்.